நூல் பூவும் வெள்ளெழுத்தும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் தமது வகுப்பின் சார்பில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பின் சார்பில் பேசச் சொன்னதும், எங்கள் எல்லாருக்கும் ஞாபகத்தில் நின்ற ஒரு சின்னப் பொருளைப் பற்றிப் பேசுவோம் என்று தீர்மானித்தோம். மனைப்பொருளியல் வகுப்பில் குரோசே ஊசியால் பின்னிய நூல் பூதான் அது.

செய்முறை உங்களுக்குத் தெரியும். ஆறு சங்கிலிப் பின்னல் போட்டு வளையமாக்க வேண்டும். வளையத்துக்குள் கட்டைப் பின்னல், நெட்டைப் பின்னல், மறுபடி கட்டைப் பின்னல் என்று போட்டால் ஓர் இதழ். ஐந்து இதழ் சேர்ந்தால் ஒரு பூ. தலையணை உறையின் ஓரத்திலும் மேசை விரிப்பிலும் குழந்தையின் சட்டையிலும் அதைத் தைத்தோம்.

இந்தச் சின்னப் பூ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபோது, பெண்கள் குரோசே பின்னி விற்றுப் பிழைத்தார்கள். ரோசாப் பூவையும் இலையையும் தனித்தனியே பின்னி, பிறகு வலைப்பின்னலால் இணைப்பது அவர்களுடைய முறை. ஆந்திராவின் நரசாபூரிலும் பெண்கள் வீட்டிலிருந்தபடியே ஏற்றுமதிக்குப் பின்னினார்கள். அவர்களைப் பற்றி மரியா மீஸ் எழுதிய ஆய்வு நூல் 1982இல் வெளியானது. அந்தப் பெண்கள் வெளிநாட்டுச் சந்தைக்கு உழைத்தும், அது இல்லத்தரசிகளின் ஓய்வு நேர வேலையாகவே பார்க்கப்பட்டது என்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

நமது ஊர்களிலும் இதே கதைதான். மருதமுனையில் தறியில் நெய்பவரை நெசவாளி என்கிறோம். பூப் பின்னும் உம்மாவுக்கு அப்படியொரு பெயர் இல்லை. "சும்மா இருக்கிற நேரத்தில பின்னுறா" என்கிறோம்.

அந்தச் "சும்மா" என்ற சொல்லால் வரும் நட்டத்தை வைத்தியத் தொழிலில் இருக்கும் நாங்கள் காண்கிறோம். நாற்பது வயதையொட்டிக் கண்வில்லையின் நெகிழ்ச்சி குறைந்து, கிட்ட இருப்பது மங்கலாகிறது. இதுதான் வெள்ளெழுத்து. இது எல்லாருக்கும் வருவது. எங்கள் வகுப்புக்கும் இப்போது வந்திருக்கிறது. மெல்லிய நூலில் குரோசே ஊசி நுழையும் கண்ணியோ ஒரு மில்லிமீற்றர் அளவுதான். தையற்கடைக்காரர் கண் மங்கினால் கண்ணாடி வாங்குகிறார், அது அவருடைய தொழில். பூப் பின்னும் உம்மா, "வயசு போயிட்டு, இனி ஏலாது" என்று நூலைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறா. கைக்கு வேலை மறக்கவில்லை. சும்மா வேலைக்குக் கண்ணாடி எதற்கு என்று வீட்டில் யாருக்கும் தோன்றாததுதான் குறை.

அந்தக் கண்ணாடியின் பெறுமதியை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அசாமில் நாற்பது வயதைத் தாண்டிய தேயிலைத் தொழிலாளர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துச் செய்த ஆய்வு, 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் சஞ்சிகையில் வந்தது. கண்ணாடி கிடைக்காதவர்களோடு ஒப்பிடுகையில் கிடைத்தவர்களின் உற்பத்தி 21.7 வீதம் கூடியிருந்தது. பங்களாதேஷில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் எட்டு மாதத்தின் பின் 33.4 வீதம் கூடுதலாக இருந்தது.

ஆகவே சகோதரிகளே, நாற்பதைத் தாண்டியவர்கள் ஒருமுறை கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு கண்ணாடியோடு நின்றுவிட வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் வருடந்தோறும் விழித்திரையையும் காட்ட வேண்டும். பின்னும்போது வெளிச்சம் நூலில் விழட்டும். அரை மணிக்கொரு தடவை கையையும் கண்ணையும் ஆறவிடுங்கள்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். அடுத்த கைப்பணிக் கண்காட்சியில் பூக்களுக்கு ஒரு மேசை போடும்போது, கண் பரிசோதனைக்கும் ஒரு மேசை போடுங்கள். பூவுக்கு விலை வைக்கும்போது, நூலின் விலையோடு பின்னிய நேரத்தையும் கூட்டுங்கள்.

வெளிநாடுகளில் இருப்பவர்கள் அடுத்த விடுமுறைக்கு ஊர் வரும்போது உம்மாவுடைய, ராத்தாவுடைய நூல் பெட்டியைத் திறந்து பாருங்கள். மூன்று இதழோடு நின்ற பூ ஒன்று இருந்தால், அவர்களைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.