குழந்தைக்கு என்ன தெரியும்?



இன்று நாம் பேசுவதற்கு எடுத்துக்கொண்ட விஷயம், சிறு குழந்தைகளுக்குக் கவனமும் ஞாபகமும் எப்படி வளருகின்றன என்பதாகும். இது டாக்டர்கள் பேசவேண்டிய விஷயமாயிற்றே, பொதுக்கூட்டத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். குழந்தை இல்லாத வீடு அநேகமாய் இல்லை. மறந்துவிட்டது என்பதற்காகக் குழந்தையை அடிக்காத வீடும் அநேகமாய் இல்லை. ஆகையால் இது நம் எல்லோருக்கும் சம்பந்தப்பட்ட விஷயமேயாகும்.

"குழந்தைக்கு என்ன தெரியும்?" என்று நாம் எல்லோரும் சொல்லுகிறோம். அது தொட்டிலில் கிடக்கிற வரையில் இப்படிச் சொல்லுகிறோம். அதே குழந்தை ஐந்து வயதாகிப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவுடனே, "நேற்றுச் சொல்லிக்கொடுத்தது இன்று ஏன் ஞாபகமில்லை?" என்று பிரம்பைத் தேடுகிறோம். முதலில் குழந்தைக்கு இருக்கிற அறிவை இல்லையென்கிறோம். பிறகு அதற்கு இன்னும் வராத சக்தியை வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு தண்டிக்கிறோம். இரண்டும் தப்பு என்பதுதான் இன்று நாம் சொல்ல வந்தது.

முதல் தப்பு வெறும் பேச்சோடு நின்றுவிடவில்லை. 1980-களின் நடுப்பகுதி வரையில், மேல் நாடுகளின் பல பெரிய ஆஸ்பத்திரிகளிலேகூட, பிறந்த குழந்தைகளுக்கு ரண சிகிச்சை செய்யும்போது போதுமான வலிமருந்து கொடுப்பதில்லை. உடம்பு அசையாமலிருக்க மட்டும் மருந்து கொடுத்து அறுப்பதும் உண்டு. குழந்தைக்கு வலி தெரியாது, தெரிந்தாலும் ஞாபகமிராது என்பது ஒரு காரணம். மருந்தே உயிருக்கு ஆபத்தாகலாம் என்ற பயம் மற்றொரு காரணம். இந்தியாவில் பிறந்து இங்கிலாந்திலே ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்த டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்த் என்பவர், குறைமாதக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் வலிமருந்தும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். மருந்து பெறாத குழந்தைகளின் உடம்புதான் அதிகமாய் அதிர்ச்சியடைந்தது. சிகிச்சைக்குப் பிறகு அதிகத் தொல்லைப்பட்டதும் அவைதான். 1987-ல் இது வெளியான பிறகே உலகத்து டாக்டர்கள் தங்கள் வழக்கத்தை மாற்ற ஆரம்பித்தார்கள். படித்தவர்களே "குழந்தைக்கு என்ன தெரியும்" என்று நம்பியதன் பலனைப் பேசத் தெரியாத சிசுக்கள் அனுபவித்தன.

சரி, குழந்தைக்கு என்னதான் தெரியும்?

பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்களை 1980-ல் அமெரிக்காவில் டிகாஸ்பர், பைஃபர் என்கிற இருவர் சோதித்தார்கள். குழந்தை ரப்பர்க் காம்பை ஒருவிதமாய்ச் சப்பினால் தாயின் குரல் கேட்கும். வேறுவிதமாய்ச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல் கேட்கும். சிசுக்கள் தாயின் குரல் வரும்படியாகவே சப்பின. 1986-ல், கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்களில் தாய்மார்கள் தினமும் ஒரு கதையை உரக்கப் படிக்கும்படி செய்து பார்த்தார்கள். பிறந்த பிறகு குழந்தைகள் புதுக்கதையைவிட அந்தக் கதையின் ஓசையையே விரும்பின.

உடனே, "பார்த்தீர்களா, அபிமன்யு கர்ப்பத்திலே சக்கரவியூகம் கற்றது மெய்யாயிற்று" என்று யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். குழந்தைக்குப் பழகியது குரலும் ஓசையின் ஏற்ற இறக்கமுமே தவிர, அர்த்தம் அல்ல. கர்ப்பத்திலேயே கணக்கும் சுலோகமும் கற்பிக்கிறோம் என்று பணம் கேட்கிறவர்களிடம் அந்தக் காசைக் கொடுப்பதைவிட, கர்ப்பிணிக்கு நல்ல ஆகாரம் வாங்கிக் கொடுப்பது மேல்.

நிற்க, சிசுவின் கவனத்தைப் பார்ப்போம். ஒரே பொருளைத் திரும்பத் திரும்பக் காட்டினால் குழந்தை பார்வையைத் திருப்பிக்கொள்ளும். புதியதைக் காட்டினால் மறுபடியும் உற்றுப் பார்க்கும். ராபர்ட் ஃபான்ஸ் என்பவர் 1964-ல் இதை அளந்து காட்டினார். பழையது சலிக்கவேண்டுமானால் பழையது என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா? ஆகவே குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்வதே அதற்கு ஞாபகம் உண்டு என்பதற்கு அத்தாட்சி. ஒன்றிரண்டு மாதக் குழந்தை சில சமயம் ஒரே இடத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இஷ்டப்படி நகர்த்தும் சக்தி மூளையில் இன்னும் முற்றாததே இதற்குக் காரணம். மூன்று நான்கு மாதத்தில் அந்தச் சக்தி வந்துவிடும். அதற்குள்ளாகக் காற்றுக் கருப்பு பட்டுவிட்டது என்று மந்திரிக்கிறவனைத் தேடி ஓட வேண்டியதில்லை.

ஞாபகம் எத்தனை நாள் நிற்கும் என்பதைக் கண்டுபிடித்தவர் கரோலின் ரோவி-கோலியர் என்னும் அம்மையார். தொட்டிலுக்கு மேலே தொங்கும் பொம்மைக்கும் குழந்தையின் காலுக்கும் ஒரு நாடாவைக் கட்டிவிட்டார். கால் உதைத்தால் பொம்மை ஆடும். இதை முதலில் தம் கைக்குழந்தைக்கே செய்து பார்த்தார். 1969 முதல் ஆராய்ச்சியாக வெளியிட்டார். சில நாள் கழித்துப் பொம்மையை மட்டும் காட்டும்போது குழந்தை உதைத்தால் அதற்கு ஞாபகம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மாதக் குழந்தைக்கு ஓரிரு நாள், மூன்று மாதக் குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு வாரம், ஆறு மாதக் குழந்தைக்கு இரண்டு வாரம் என்று ஞாபகம் நின்றது. (தாய்மார்கள் வீட்டில் இதைச் செய்ய வேண்டாம், கயிறும் நாடாவும் குழந்தைக்கு ஆபத்து.)

இதில் கவனிக்கவேண்டியது இன்னொன்று. இரண்டு வாரத்தில் முற்றும் மறந்துபோன மூன்று மாதக் குழந்தைக்கு, முதல் நாள் அந்தப் பொம்மை ஆடுவதைச் சில நிமிஷம் காட்டினாலே போதும். மறுநாள் அது புதிதாய்க் கற்றதுபோலவே உதைத்தது. அதாவது மறந்தது என்று நாம் சொல்லுவது எல்லாம் அழிந்துபோனது அல்ல. எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாதது என்பதே அநேக சமயங்களில் உண்மை.

பதினான்கு மாதத்திலோ குழந்தை பார்த்ததைப் பல நாள் வைத்திருந்து செய்கிறது. 1988-ல் மெல்ட்ஸாஃப் என்பவர் தம் நெற்றியால் ஒரு பலகையை அழுத்தி விளக்கெரித்துக் காட்டினார், குழந்தைகளைத் தொடவிடவில்லை. ஒரு வாரம் கழித்து அந்தப் பலகையைக் கொடுத்தபோது, மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் தாமும் நெற்றியை வைத்து அழுத்தின. அதைப் பார்க்காத குழந்தைகளில் ஒன்றுகூட அப்படிச் செய்யவில்லை. தகப்பன் தாயைக் கைநீட்டுவதையும் பாட்டி வேலைக்காரியை ஏசுவதையும்கூடக் குழந்தை இப்படித்தான் பார்த்து வைத்துக்கொள்ளுகிறது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அந்த வயதில் நடந்தது நமக்கு ஏன் ஞாபகமில்லை என்று கேட்கலாம். பெரியவர்களைக் கேட்டால், சராசரியாக மூன்று மூன்றரை வயதுக்கு முன் நடந்தது எதையும் சொல்ல முடிவதில்லை. ஞாபகத்தைச் சேர்த்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதி அந்த வயதில் இன்னும் கட்டப்பட்டுக்கொண்டே இருப்பதும், நடந்ததைக் கதையாய்ச் சொல்லப் பாஷை போதாததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. நாம் நம்முடைய இரண்டாம் வயதையே சொல்ல முடியாதவர்களாயிருக்க, போன ஜென்மத்தைச் சொல்லுகிறோம் என்று வருகிறவர்களை என்னவென்பது?

ஆனால் சொல்ல முடியாததெல்லாம் இல்லாமற்போனதாகாது. பிறந்தவுடன் முன்தோல் நீக்கப்பட்ட ஆண்குழந்தைகளை 1997-ல் கனடாவில் ஆராய்ந்தார்கள். வலிமருந்து பூசாமல் அறுக்கப்பட்ட குழந்தைகள், நான்கு அல்லது ஆறு மாத வயதில் தடுப்பூசி போடும்போது, மருந்து பூசப்பட்டவர்களைவிட அதிகமாய் அழுதன. மனதுக்கு ஞாபகமில்லாததை உடம்பு வைத்திருந்தது.

தோழர்களே! இனி, கவனத்தையும் ஞாபகத்தையும் வளர்ப்பது எது என்பதைப் பார்ப்போம். தாயத்தா? வல்லாரை லேகியமா? தலையெழுத்தா? இன்ன ஜாதியில் பிறந்தவனுக்குத்தான் ஞாபகசக்தி உண்டு என்று வெகுகாலமாய்ச் சொல்லிவந்த கதையா? அல்ல. கூட இருக்கிற மனிதர்களின் பேச்சுதான்.

குழந்தை எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதன் பெயரைச் சொன்னால் வார்த்தை நன்றாய்ப் பதிகிறது; அதன் கவனத்தை இழுத்து வேறொன்றைக் காட்டிப் பெயர் சொன்னால் அவ்வளவாய்ப் பதிவதில்லை. இதை 1986-ல் டொமாசெல்லோ, ஃபாரர் என்பவர்கள் சோதித்துக் காட்டினார்கள். குழந்தை காக்கையைப் பார்க்கும்போது காக்கையைப் பற்றிப் பேசவேண்டும். அதன் முகத்தைத் திருப்பி "ஏ, பி, சி" சொல் என்பதில் பலன் குறைவு.

கைபேசியைக் கையில் கொடுத்துவிட்டால் அது சொல்லிக்கொடுக்காதா என்கிறார்கள். 2003-ல் பாட்ரிசியா குல் என்னும் அம்மையார், ஒன்பது பத்து மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன பாஷையை 12 முறை கேட்கச் செய்தார். எதிரே உட்கார்ந்து விளையாடிக்கொண்டே பேசிய மனிதரிடம் கேட்ட குழந்தைகள் அந்தப் பாஷையின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே பேச்சை டெலிவிஷனில் கேட்ட குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை.

அன்றியும், நடந்ததைக் குழந்தையோடு திரும்பப் பேசுவதும் முக்கியம். "நேற்று சந்தைக்குப் போனோமே, அங்கே யாரைப் பார்த்தோம்? அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டு, அது சொல்லுவதோடு நாமும் சேர்த்துச் சொல்லுகிற வீட்டுக் குழந்தைகளுக்கு நடந்ததைச் சொல்லும் சக்தி நன்றாய் வளருகிறது. நியூசிலாந்தின் ஆதிக்குடிகளான மாவோரிகள் பழைய நிகழ்ச்சிகளைப் பேசிப் பாதுகாப்பதைப் பெரிதாய் மதிக்கிறவர்கள். 2000-ல் வெளியான ஆராய்ச்சியில் அவர்கள் சொன்ன முதல் ஞாபகம் இரண்டே முக்கால் வயதளவிலேயே இருந்தது. அங்குள்ள மற்றவர்களுடையதைவிட முந்தியது. இதற்குப் பணமா வேண்டும்? படிப்பா வேண்டும்? கூலி வேலை செய்யும் தாயும் சோறு ஊட்டும்போது செய்யக்கூடியது. தகப்பனும் செய்யக்கூடியது, செய்யவேண்டியது.

கடைசியாக அந்தப் பிரம்புக்கு வருவோம்.

எண்களை ஒருமுறை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னால், இரண்டு வயதில் இரண்டு எண், ஐந்து வயதில் நான்கு, ஏழு வயதில் ஐந்து, பெரியவர்களானால் ஏழு என்ற அளவில்தான் மனதில் நிற்கும். "செருப்பைக் கழற்று, கைகால் கழுவு, சட்டையை மாற்று, பையை எடுத்துவை, தம்பியைக் கூப்பிடு" என்று நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரே மூச்சில் உத்தரவு போட்டால் அது பாதியை மறக்காமல் என்ன செய்யும்? அதைத் திமிர் என்கிறோம்.

1966-ல் பிளாவல் என்பவரும் அவர் கூட்டாளிகளும் குழந்தைகளுக்குப் படங்களைக் காட்டி, சிறிது நேரம் கழித்து வரிசையாய்ச் சொல்லச் சொன்னார்கள். இடைநேரத்தில் குழந்தைகளின் உதடுகளை, வாயசைவைப் படிக்கத் தெரிந்த ஒருவர் கவனித்தார். பத்து வயதுக் குழந்தைகள் 20 பேரில் 17 பேர் பெயர்களைத் தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து வயதுக்காரர்கள் 20 பேரில் அப்படிச் செய்தவர்கள் 2 பேர்தான். மற்ற 18 பேரும் சோம்பேறிகளா? அல்ல, மறக்காமலிருக்கத் திருப்பிச் சொல்லிப் பார்க்கவேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. மறு வருஷம், ஆறேழு வயதில் அப்படிச் சொல்லிப் பார்க்காத குழந்தைகளுக்கு அந்த வழியைச் சொல்லிக்கொடுத்தபோது அவர்களும் மற்றவர்களைப்போலவே ஞாபகமாய்ச் சொன்னார்கள். சொல்லிக்கொடுப்பதை நிறுத்தியதும் பலர் பழையபடி விட்டுவிட்டார்கள்.

ஆகவே, "ஞாபகம் வைத்துக்கொள்" என்று அதட்டுவதில் பயனில்லை. எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது என்பதைக் காட்டவேண்டும். ஒருமுறை அல்ல, பலமுறை காட்டவேண்டும். அடி விழும் என்று நடுங்குகிற குழந்தையின் கவனம் பாடத்தின்மேல் இராது, பிரம்பின்மேல் இருக்கும். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்தில் குழந்தையை அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடுத்திருக்கிறது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. பிரம்பு இன்னும் பல இடங்களில் கையில் இருக்கிறது. அதைவிட மோசமானது, "என் பிள்ளையை நன்றாய் அடித்துச் சொல்லிக்கொடுங்கள்" என்று வாத்தியாரிடம் பெற்றோர்களே போய்க் கேட்டுக்கொள்ளுவது. அடிபட்டு, "மண்டு" என்று பெயர் வாங்கி, ஏழெட்டு வயதில் படிப்பை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர் உங்கள் தெருவிலே இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் உண்மையில் மண்டு, எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்பதையும் யோசியுங்கள்.

நாம் சொன்னோம் என்பதற்காக இவற்றை நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் குழந்தைகளைக் கவனித்துப் பாருங்கள். ஏழெட்டு மாதக் குழந்தையின் எதிரே ஒரு பொம்மையைத் துணியால் மூடி, அது துணியை இழுக்கிறதா என்று பாருங்கள். இழுக்காவிட்டால் ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தையிடம் நேற்று நடந்ததைக் கேளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை பாடத்தை மறந்தால், கையை ஓங்குவதற்கு முன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒருமுறை சேர்ந்து சொல்லிப் பாருங்கள். உங்கள் சொந்த அனுபவத்துக்கு ஒத்துவந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், ஒத்துவராவிட்டால் தள்ளிவிடுங்கள்.