வேலியோரத்துச் செல்வம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"சங்கக் கூட்டத்துல கீரையைப் பத்தியா பேசப் போறீங்க?" என்று செயலாளர் கேட்டார். ஆமாம், கீரையைப் பற்றித்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. மருத்துவர் தரும் மாத்திரைக்குக் கீரை மாற்று அல்ல. ஆனால் அன்றாடச் சோற்றோடு ஒரு பிடி கீரை சேரவேண்டுமானால், அது நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.

முதலில் முருங்கை. காய்க்காக வளர்க்கிறோம்; தழையை ஆடு தின்கிறது! பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-ல் வெளிவந்த பி.கே.எம்.-1 ரகம், விதை ஊன்றிய ஆறு மாதத்தில் காய்ப்புக்கு வரும். கம்பளிப்பூச்சிக்குப் பயந்து மரத்தையே வெட்டாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்தால் கைக்கு எட்டுகிற உயரத்திலேயே தழைக்கும். பொரியலில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறையும். விடுதி மாணவர்கள் இதைக் கவனிக்கணும்!

அடுத்து சுண்டை. குப்பைமேட்டுச் செடி என்று ஒதுக்குகிறோம். வாடல் நோய் வரும் மண்ணில், இதையே அடிச்செடியாக வைத்துக் கத்தரியை ஒட்டுக்கட்டுகிறார்கள். அவ்வளவு வலுவான வேர் அதற்கு.

பிரண்டைக்கு ஒரு கணு போதும், வேலியில் தானே படரும். நறுக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். புளி சேர்த்து நன்றாக வதக்கித் துவையல் அரையுங்கள். இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும்.

தவசிக்கீரையும் குச்சி நட்டாலே வரும். ஆனால் 1990-களில் தைவானில் உடல் இளைப்பதற்காக அதன் பச்சைச் சாற்றை நாள்தோறும் குடித்த பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. அளவாக, வேகவைத்துத்தான் சாப்பிடவேண்டும்.

நான் சொல்லவந்தது இதுதான். செடி அழிந்தால் நாற்றங்காலில் தேடலாம். அதைப் பறிக்கும் பருவம், சமைக்கும் பக்குவம், எது ஆகாது என்கிற எச்சரிக்கை, இவையெல்லாம் நம் ஆத்தா, அப்பத்தாக்கள் தலையில்தான் இருக்கின்றன. அவர்களுக்குப் பிறகு யாரிடம் கேட்பது?

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு போத்தோ, விதையோ கொண்டுவாருங்கள். கூடவே அதன் ஊர்ப்பெயரையும் சமையல் முறையையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு அட்டையில் எழுதி வாருங்கள். விடுதிச் சமையற்கட்டுக்குப் பின்னால் வீணாக ஓடுகிற தண்ணீரில் நடுவோம். தண்ணீர் விடும் பொறுப்பு தம்பி, தங்கைகளுடையது.