ஆயிரம் வரிக்குள் ஒரு கைவேலை



வைஃபை ரவுட்டரில் புதிய மென்பொருள் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால், பெட்டி செத்ததுபோல் கிடக்கும். பல ரவுட்டர்களில் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ரீசெட் பொத்தானை அழுத்தியபடி சுவிட்சைப் போட்டால், கேபிளின் மறுமுனையில் உள்ள கணினியிலிருந்து நல்ல மென்பொருளை வாங்கிக்கொண்டு எழுந்துவிடும். உள்ளே லினக்ஸ் சிதைந்து கிடக்கிறதே, பிறகு வாங்குவது யார்? பூட்லோடர். கரண்ட் வந்தவுடன் ஓடி, நினைவகத்தைத் தயார்செய்து, லினக்ஸின் மையமான கெர்னலை ஏற்றி, பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டு விலகும் சிறு நிரல் அது. அந்த நிரலுக்கு ஒரு நெட்வொர்க் டிரைவர் எழுதிச் சேர்ப்பதை நான் உயர்ந்த கைவேலையாக மதிக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

பூட்லோடர் என்றதும் இந்தத் துறையில் முதலில் நினைவுக்கு வருவது யூ-பூட். ஜெர்மனியைச் சேர்ந்த வோல்ஃப்காங் டெங்க் பவர்பிசி சிப்புகளுக்காக உருவாக்கிய பிபிசிபூட்தான் 2002-இல் யூ-பூட் ஆனது. இன்று ஆர்ம், மிப்ஸ், ரிஸ்க்-ஃபைவ் எல்லாவற்றிலும் அது ஓடுகிறது.

புதிதாக வடிவமைத்த போர்டு மேசைக்கு வரும்போது, அதனுடன் பேசப் பெரும்பாலும் சீரியல் போர்ட் ஒன்றுதான் இருக்கும். வழக்கமான வேகம் நொடிக்கு 1,15,200 பிட். பைட்டுக்குப் பத்து பிட் என்று கணக்கிட்டால் நொடிக்கு 11,520 பைட். 5 மெகாபைட் கெர்னலை ஏற்ற ஏழரை நிமிடத்துக்கும் மேல் ஆகும். ஒரு வரியைத் திருத்தினால் மறுபடியும் அதே காத்திருப்பு. ஈத்தர்நெட் வேலை செய்யத் தொடங்கிவிட்டால் அதே கெர்னல் சில நொடிகளில் இறங்கிவிடும். அதன்பின் அந்தப் போர்டில் உழைக்கும் ஒவ்வொருவருடைய நாளும் மாறிப்போகும்.

யூ-பூட் டிரைவரிடம் கேட்பது சில செயல்கள்தான். ஸ்டார்ட், சென்ட், ரிசீவ், வாங்கிய பாக்கெட்டை விடுவிக்க ஒன்று, ஸ்டாப். மேக் முகவரியைச் சிப்பில் எழுத ஒன்று இருந்தால் நல்லது. இன்டரப்ட் கிடையாது. "ஏதாவது வந்ததா?" என்று பூட்லோடர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். பாக்கெட்டைப் பிடிக்க வழக்கமாக நான்கே நான்கு பஃபர். அது போதும். கோப்பை இறக்கும் டிஎஃப்டிபி நெறிமுறை 1981-இல் வரையறுக்கப்பட்டது. அடிப்படை வடிவில் அது 512 பைட்டை அனுப்பும். கிடைத்தது என்ற பதில் வரும்வரை அடுத்ததை அனுப்பாது. சொட்டுச் சொட்டாக விழும் குழாய்க்கு அண்டா வேண்டாம், செம்பு போதும்.

இங்கே ஒரு கருத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். லினக்ஸில் உள்ள டிரைவரை அப்படியே தூக்கிவந்து, தேவையில்லாததை வெட்டிவிட்டுச் சேர்க்கும் பழக்கம் பரவலாக உண்டு. அப்படி வந்த டிரைவர் ஓடும். ஆனால் அடுத்தவர் படித்தால் புரியாது. லினக்ஸிலிருந்து கற்க வேண்டியது ரெஜிஸ்டர்களை எந்த வரிசையில் தொட வேண்டும் என்பதை மட்டும்தான். மற்றதைப் புதிதாக எழுதுவதே முறை.

ஓர் உதாரணம் பார்ப்போம். சினாப்சிஸ் நிறுவனத்தின் டிசைன்வேர் ஈத்தர்நெட் பகுதி ராக்சிப், ஆல்வின்னர் போன்ற பல சிப்புகளுக்குள் இருக்கிறது. லினக்ஸில் அதற்கான டிரைவர் பல ஆயிரம் வரி. யூ-பூட்டில் ஏறத்தாழ ஆயிரம் வரிக்குள் அடங்கிவிடுகிறது. அதில் டிரைவருக்கும் சிப்புக்கும் இடையே நினைவகத்தில் டிஸ்கிரிப்டர்களின் வரிசை ஒன்று உண்டு. ஒவ்வொன்றும் 16 பைட். பாக்கெட் எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

பிராசஸர் எழுதியது உடனே நினைவகத்துக்குப் போகாமல் கேஷில் தங்கும். நெட்வொர்க் பகுதியோ நேரே நினைவகத்தைப் படிக்கும். அதனால் அனுப்புமுன் கேஷில் இருப்பதை நினைவகத்துக்குத் தள்ள வேண்டும். வந்ததைப் படிக்குமுன் கேஷில் உள்ள பழைய பிரதியை நீக்க வேண்டும். இதுவரை பாடப்புத்தகம். சிக்கல் இதற்கு அடுத்தபடியில் இருக்கிறது. கேஷ் வரிவரியாக இயங்கும். கார்டெக்ஸ்-ஏ53 பிராசஸரில் ஒரு வரி 64 பைட். நெருக்கி அடுக்கினால் ஒரே வரியில் நான்கு டிஸ்கிரிப்டர்கள் வந்துவிடும். முதலாவதைத் திருத்திக் கேஷைத் தள்ளினால், மற்ற மூன்றின் பழைய பிரதியும் கூடவே போய் நினைவகத்தில் விழும். இரண்டாவதில் "பாக்கெட் வந்துவிட்டது" என்று சிப் சற்றுமுன் எழுதியது அழிந்துபோகும்.

வெளியே இது எப்படித் தெரியும்? பிங் போகும். கோப்பை இறக்கும்போது திரையில் # குறிகள் ஒழுங்காக ஓடும். நடுவில் "டி" என்ற ஆங்கில எழுத்து விழும். டைம்அவுட். பிறகு மறுபடி ஓடும். கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள், சுவிட்சை மாற்றிப் பார்ப்பார்கள். கேஷை அணைத்துவிட்டால் கோளாறு மாயமாகிவிடும். அப்போதுதான் குற்றவாளி யார் என்று தெரியும். யூ-பூட்டின் டிசைன்வேர் டிரைவரில் ஒவ்வொரு டிஸ்கிரிப்டரையும் தனித்தனிக் கேஷ் வரியில் உட்கார வைத்திருக்கிறார்கள். 16 பைட்டுக்குப் பின் 48 பைட் வெற்றிடம். அடுத்தது எங்கே என்ற முகவரி ஒவ்வொன்றிலும் இருப்பதால் சிப் தடுமாறுவதில்லை. அந்த முழுக் கோப்பிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த வெற்றிடம்தான்.

கேபிளோடு பேசும் ஃபை சிப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆர்ஜிஎம்ஐஐ இணைப்பில், கிகாபிட் வேகத்தில், 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை ஏறத்தாழ 2 நானோநொடி தாமதிக்க வேண்டும். அதைப் போர்டின் தடமோ, ஃபையோ, பிராசஸர் பக்கமோ, யாராவது ஒருவர்தான் செய்ய வேண்டும். இருவர் செய்தாலும், ஒருவருமே செய்யாவிட்டாலும், இணைப்பு விளக்கு எரியும். பாக்கெட் உருப்படியாக வராது.

என் மதிப்பீட்டில் ஒரு டிரைவரின் தரத்தைக் காட்டுவது ஸ்டாப். எழுதுகிறவர்கள் கடைசியாக, களைத்துப்போன பிறகு எழுதும் பகுதியும் அதுதான். கோப்பு இறங்கிவிட்டது, இனி கெர்னல் கிளம்ப வேண்டும். நெட்வொர்க் பகுதியை நிறுத்தாமல் விட்டால், வரும் பாக்கெட்டுகளை அது பழைய முகவரியிலேயே எழுதிக்கொண்டிருக்கும். அந்த இடமோ இப்போது கெர்னலுடையது.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2011, 2012-இல் வந்த மேக் கணினிகளின் ஃபர்ம்வேர், பிராட்காம் 4331 வைஃபை அட்டையை ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் எழுப்பிவிட்டு, அணைக்காமலே போய்விடும். அந்தக் கணினிகளில் லினக்ஸ் ஏறியபோது, காற்றில் வந்த பாக்கெட்டுகள் கெர்னலின் நினைவகத்தில் போய் எழுதப்பட்டன. தொலைவிலிருந்தே ஒருவர் தம் நிரலை உள்ளே ஓடவிடவும் அது வழி திறந்தது. 2016-இல் லினக்ஸ் கெர்னலே தொடக்கத்தில் அந்த அட்டையைத் தேடி ரீசெட் செய்யும்படி திருத்தம் சேர்த்தார்கள்.

அதனால், புதிய டிரைவர் எழுதுகிற இளைஞர்களுக்கு நான் சொல்லும் சோதனை இது. அமைதியான மேசையில் ஒற்றைக் கேபிளோடு பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அதே நெட்வொர்க்கில் இன்னொரு கணினியிலிருந்து பிராட்காஸ்ட் பாக்கெட்டுகளை விடாமல் அனுப்பச் சொல்லுங்கள். அந்த நெரிசலுக்கு நடுவே கோப்பை இறக்கி, கெர்னலைக் கிளப்புங்கள். இரவு முழுவதும் இதையே தானாகத் திரும்பத் திரும்பச் செய்யும்படி விட்டுவிட்டு, காலையில் சீரியல் பதிவை முதல் வரியிலிருந்து படித்துப் பாருங்கள்.