குதிகால் நாணுக்குத் தேவை ஓய்வா, பாரமா?

சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கக்கூடிய ஒரு புகாரைப் பற்றி இன்று பேசலாம். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் நாலு அடி எடுத்து வைக்கும்போது, குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கம், ஒரு விறைப்பும் வலியும். குளியலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் இளகிவிடும். சைக்கிளில் ஏறினால் முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குத் தெரியும், பிறகு மறைந்துவிடும். மறுநாள் காலை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பி வரும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அந்த இடத்தைப் பிடித்துப் பார்த்தால், மற்றக் காலைவிடத் தடித்திருக்கும். 'நரம்பு பிடிச்சிக்கிச்சு' என்று தைலம் தேய்ப்பார்கள். ஆனால் வலிக்கிற இடத்தில் இருப்பது அக்கிலிஸ் தசைநாண், அதாவது ஆடுசதையைக் குதிகால் எலும்போடு கட்டி வைத்திருக்கும், நம் உடம்பிலேயே மிகத் தடித்த நாண். பக்கத்து வீட்டுக்காரர் முதல் பழைய பயிற்சியாளர் வரை எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க." வலி உள்ளவரும் மூன்று வாரம் சைக்கிளைத் தொடாமல் இருப்பார். வலி போய்விடும். நாலாவது வாரம் ஏறி மிதிப்பார், பத்தே நாளில் வலி திரும்பிவிடும். மாதக்கணக்கில் நீடித்துவிட்ட இந்த வலிக்கு ஓய்வு மருந்தாகாது, அளந்து ஏற்றும் பாரம்தான் மருந்து என்பது என் வாதம். கேட்டவுடன் முரணாகத் தோன்றும். அதனால் ஆதாரங்களோடு சொல்கிறேன்.

முதலில் அந்த நாணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அடிபட்ட இடம் வீங்கிச் சிவந்து, சில நாளில் ஆறுகிறதே, இதுவும் அப்படித்தான் என்று நெடுங்காலம் மருத்துவ உலகமே நினைத்திருந்தது. அதனால்தான் ஐஸ் ஒத்தடம், வீக்கம் குறைக்கும் மாத்திரை, ஓய்வு என்று அடுக்கினார்கள். ஆனால் நாள்பட்ட வலியுள்ள நாண்களை அறுவை செய்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, அழற்சிக்கு அடையாளமான செல்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஒரே திசையில் வரிசையாக ஓட வேண்டிய கொலாஜன் இழைகள் தாறுமாறாகக் கிடந்தன, நடுவில் நீர் கோத்திருந்தது, புதுசாகச் சன்னமான ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தன. இதைவிட வியப்பான செய்தி 2013-இல் டென்மார்க்கிலிருந்து வந்தது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 அளவு எகிறியது, 1963-இல் ஒப்பந்தம் வந்த பிறகு படிப்படியாக இறங்கியது. அந்தந்த ஆண்டில் உருவான திசுவில் அந்தந்த ஆண்டின் அளவு பதிந்திருக்கும். இறந்தவர்களின் குதிகால் நாணிலிருந்து எடுத்த மாதிரிகளை இந்தக் கணக்கை வைத்து ஆராய்ந்தபோது, நாணின் நடுப்பகுதி ஏறக்குறைய 17 வயதோடு உருவாகி முடிந்துவிடுகிறது, அதன் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. தசையும் எலும்பும் ஓயாமல் பழையதைக் கழித்துப் புதியதைக் கட்டுகின்றன. இந்த நாணின் உட்பகுதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இதைக் கேட்டதும் எழும் முதல் மறுப்பு நியாயமானது. புதுப்பிக்கவே முடியாத பொருள் என்றால், பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வதுதானே புத்தி? கிணற்றுக் கயிறு நைந்தால் வாளியைக் குறைவாகத்தானே இறைப்போம்? ஆனால் கயிறு உயிரற்றது. நாணுக்குள் செல்கள் இருக்கின்றன, தங்கள்மேல் விழும் இழுவையை அவை உணர்கின்றன. இழுவை வந்தால் நாண் விறைப்பும் உறுதியும் பெறுகிறது. வராவிட்டால் தளர்கிறது. தன்னார்வலர்களை 90 நாள் படுக்கையிலேயே கிடத்தி ஆய்வு செய்தபோது, ஆடுசதை நாணின் விறைப்பு வெகுவாகக் குறைந்தது. இடையிடையே பாரப் பயிற்சி செய்தவர்களுக்கு அந்த இழப்பு குறைவு. ஆக, மூன்று வாரம் ஓய்வெடுத்தவர் வலியை மட்டும் குறைத்துக்கொள்ளவில்லை, நாணின் தாங்குசக்தியையும் குறைத்துக்கொண்டார். பழைய தூரத்தைப் பழைய வேகத்தில் மிதிக்கப் போனால் நாண் தாங்குமா?

சைக்கிள் ஓட்டுவதே பயிற்சிதானே, அதனால் நாண் ஏன் வலுப்பெறவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை 1980-களில் பின்லாந்தில் நடந்த ஒரு துணிச்சலான சோதனையில் இருக்கிறது. பாவோ கோமி என்ற உடலியக்க அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும், மனிதர்களின் குதிகால் நாணைச் சுற்றி ஒரு சின்ன உலோகக் கொக்கியைப் பொருத்தி, அதன்மேல் விழும் விசையை நேரடியாக அளந்தார்கள். தோலைக் கீறி உள்ளே வைத்து, ஓடவும் குதிக்கவும் மிதிக்கவும் சொல்லி, பிறகு எடுத்துவிட்டார்கள். வேகமாக ஓடும்போது நாணில் விழும் இழுவை உடல் எடையைப் போல 12 மடங்கு வரை போனது. சைக்கிள் மிதிக்கும்போதோ ஒரு மடங்கைக்கூட எட்டவில்லை. சைக்கிளில் ஒரு மிதிக்கு விழும் பாரம் குறைவு, மிதிகளின் எண்ணிக்கைதான் அதிகம். நிமிடத்துக்கு 80 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் ஒரு காலுக்கு 4,800 தடவை. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே சவாரிக்குப் போகிறவர்களின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். வருடக்கணக்காக மிதித்த நாண், லேசான இழுவைக்குப் பழகியதே தவிர, கனமான இழுவையை ருசி பார்த்ததில்லை. ஒரு நாள் தூரத்தை இரட்டிப்பாக்கினாலோ, மேட்டில் சின்ன கியருக்கு மாறாமல் நின்றுகொண்டே மிதித்தாலோ, சைக்கிளோடு சேர்த்து ஓட்டப் பயிற்சியையும் தொடங்கினாலோ, கையிருப்பு இல்லாத நாண் திணறிவிடுகிறது. என் பார்வையில் சைக்கிள்காரர்களின் குதிகால் வலியில் பெரும்பகுதி இந்தக் கையிருப்புக் குறைவின் கதைதான்.

அந்தக் கையிருப்பைக் கூட்டுவது எப்படி? 1998-இல் சுவீடனின் உமியோ நகரில் ஹோக்கன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. நாள்பட்ட வலியுள்ள 15 பேர், பெரும்பாலும் நடுத்தர வயது ஓட்டக்காரர்கள். அவர்கள் செய்தது மாடிப்படி ஒன்று போதும் என்கிற அளவுக்கு எளியது. படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி நிற்க வேண்டும், குதிகால் வெளியே தொங்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலின் பலத்தில் மேலே எழும்ப வேண்டும். பிறகு எடையை வலிக்கிற காலுக்கு மாற்றி, குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே வரை மெதுவாக இறக்க வேண்டும். முட்டியை நீட்டி வைத்து 15 தடவையாக மூன்று சுற்று, முட்டியை மடக்கி அதேபோல் மூன்று சுற்று. காலையிலும் மாலையிலும் செய்தால் ஒரு நாளுக்கு 180. வலி குறைந்ததும் முதுகுப்பையில் எடை போட்டுக்கொண்டு தொடர வேண்டும். 12 வாரம் கழித்து 15 பேரும் பழையபடி ஓடினார்கள். சிறிய ஆய்வுதான், குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்ததும் இல்லை, ஆகவே அதை மட்டும் நம்பி எதுவும் சொல்ல முடியாது. ஆனால் 2015-இல் கோபன்ஹேகனில் 58 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு இந்த இறக்கும் பயிற்சியும், மறுசாராருக்கு வாரம் மூன்றே நாள் கனமான எடையோடு மெதுவாக ஏற்றி இறக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். இரண்டுமே பலன் தந்தன, ஓராண்டுக்குப் பிறகும் பலன் நின்றது. எந்தப் பாணி என்பது இரண்டாம்பட்சம், போதுமான பாரம் போதுமான வாரங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

வலிக்கிற இடத்திலேயே எடையை ஏற்றினால் அறுந்துவிடாதா என்ற பயம் எல்லோருக்கும் வரும். சுவீடனின் கோத்தன்பர்க் நகர ஆய்வாளர்கள் 2007-இல் இதையே சோதித்தார்கள். 38 பேரும் பாரப் பயிற்சி செய்தார்கள். ஒரு குழு முதல் ஆறு வாரம் ஓட்டத்தையும் குதிப்பதையும் நிறுத்தியது. மற்றக் குழு அவற்றையும் தொடர்ந்தது, ஆனால் ஒரு கணக்கோடு: வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பிட்டால், செய்யும்போது ஐந்தைத் தாண்டக்கூடாது, மறுநாள் காலைக்குள் அடங்க வேண்டும், வாரத்துக்கு வாரம் வலியும் விறைப்பும் கூடக்கூடாது. ஓராண்டு முடிவில் இரு குழுவும் சமமாகவே தேறியிருந்தன. காலையில் எழுந்து வைக்கும் அந்த முதல் நாலு அடியே உங்கள் அளவுகோல். நேற்றைவிடக் கடுமை என்றால் நேற்றைய அளவு அதிகம், அவ்வளவுதான். ஒரு விதிவிலக்கு உண்டு. நாண் குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலி இருந்தால், குதிகாலைப் படிக்குக் கீழே தொங்கவிடக்கூடாது, அங்கே எலும்போடு நசுங்கும். சமதரையில் நின்று செய்தால் போதும்.

இவையெல்லாம் ஓட்டக்காரர்களை வைத்து நடந்த ஆய்வுகள், சைக்கிள்காரருக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர் கவனமாகக் கேட்கிறார் என்று அர்த்தம். நேரடி ஆய்வுகள் சொற்பம்தான். ஆனால் நாண் ஒன்றே, அதன் செல்கள் ஒன்றே. ஓட்டக்காரர் உடல் எடையின் பல மடங்கைத் தாங்கும் நிலைக்கே திரும்ப முடிகிறது என்றால், அதில் ஒரு பங்கை மட்டும் கேட்கும் சைக்கிள்காரருக்கு வழி இன்னும் சுலபம். அதோடு, சின்ன கியரில், மேடு இல்லாத பாதையில், முன்னைவிடக் குறைந்த தூரம் ஓட்டிக்கொண்டே தேறலாம், சைக்கிளை மூலையில் சாத்த வேண்டியதில்லை.

சீட் உயரத்தைச் சரிசெய்தால் போதும் என்று அடித்துச் சொல்லும் நண்பர்கள் எல்லா சைக்கிள் குழுவிலும் இருப்பார்கள். அதில் பாதி உண்மை. சீட் மிக உயரமானால், பெடல் அடியில் இருக்கும்போது கால்விரலை நீட்டி எட்ட வேண்டியிருக்கும், ஆடுசதை ஓய்வில்லாமல் இழுபடும். மிகத் தாழ்ந்தால் கணுக்கால் மேல்நோக்கி மடங்கி நாண் நீளும். சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வையுங்கள். இடுப்பு சாயாமல் முட்டி நேராக வேண்டும். பாதத்தைப் பெடலில் கொஞ்சம் முன்னே தள்ளி, நடுப்பாதத்துக்கு அருகில் மிதித்தால் நாணின் சுமை குறையும். ஷூவின் அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட் உள்ளவர்கள் அதைப் பின்னால் நகர்த்துவதும் இதற்காகத்தான். வீட்டுக்கு ஒரே சைக்கிள், அப்பாவும் மகனும் ஓட்டுவது என்றால் இந்தச் சீட் உயரச் சிக்கல் நிச்சயம் உண்டு. பால் கேனோ கேஸ் சிலிண்டரோ கட்டிப் பிழைப்புக்கு மிதிக்கிறவருக்கு ஓய்வு என்ற பேச்சே எடுபடாது. அவருக்கு இந்தத் திருத்தங்கள் உடனடி நிவாரணம் தரும். ஆனால் இவை சுமையைக் குறைக்கும், நாணின் வலுவைக் கூட்டாது. படிக்கட்டுப் பயிற்சி அவருக்கும் வேண்டும்.

ஊசி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் ரத்தத்தையே எடுத்து, தட்டணுக்களைச் செறிவாக்கிப் போடும் ஊசி பிரபலமாக இருக்கிறது, விலையும் கூடுதல். 2010-இல் நெதர்லாந்தில் 54 பேரில் பாதிப் பேருக்கு அதையும், மறுபாதிக்கு வெறும் உப்புநீரையும் போட்டு, எல்லோருக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். இரு சாராரும் ஒன்றுபோலவே தேறினார்கள். ஸ்டீராய்டு ஊசி நாணை அறுக்கும் அபாயம் உள்ளதால், அதில் அவசரம் கூடவே கூடாது. ஸ்கேனில் நாண் தடித்திருக்கிறது என்று எழுதியிருந்தால் கலங்க வேண்டாம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் அது தெரிவதுண்டு.

பயிற்சி எல்லோரையும் முழுசாகக் குணமாக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஐந்தாண்டு கழித்துப் பார்த்த ஒரு சுவீடன் ஆய்வில் 34 பேரில் 27 பேர் முழுமையாகத் தேறியிருந்தார்கள். நெதர்லாந்தின் இன்னோர் ஐந்தாண்டு ஆய்வில் வலி அறவே இல்லாதவர்கள் சுமார் 40 சதவீதம்தான், பலருக்கு லேசான வலி மிச்சமிருந்தது. 12 வாரம் என்பது பெரும்பாலானவர்களுக்குத் தொடக்கம் மட்டுமே. ஆறாவது வாரத்திலேயே அலுத்துப்போய் விட்டுவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

கடைசியாக, நான் சொன்னது பொருந்தாத கால்வலிகள். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல 'பட்' என்று அடித்து, அதன் பிறகு முன்பாதத்தில் எழும்ப முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு கால் ஆடுசதை மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், ரத்தக்கட்டு இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது குதிகால் வலி தொடங்கினால், மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். அந்த மருந்துகள் நாணைப் பாதிக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-இலேயே கடும் எச்சரிக்கை அச்சிட வைத்தது. இரண்டு காலிலும் நாண் தடித்திருந்தால் கொலஸ்ட்ரால் பரிசோதனை அவசியம். பல ஆண்டு தீவிரமாக மிதித்தவர்களுக்கே வரும் இன்னொன்றும் உண்டு: குனிந்தபடி ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டியதில் இடுப்புத் தமனியின் சுவர் தடித்து, காலுக்குப் போகும் ரத்தம் குறைவது. மேட்டில் முழுவேகத்தில் ஏறும்போது மட்டும் ஒரு கால் கனத்து மரத்துப்போகும், இறங்கி ஐந்து நிமிடம் நின்றால் சரியாகிவிடும். படுக்க வைத்துப் பார்த்தால் நாடி சரியாகவே இருக்கும். ஆகவே ரத்தக்குழாய் மருத்துவரிடம் போகும்போது, "மேட்டில்தான் வருது, சும்மா இருக்கும்போது ஒன்றும் இல்லை" என்று சொல்லி, கடுமையாக மிதித்த உடனே கணுக்காலில் ரத்த அழுத்தம் அளந்து பார்க்கும்படி கேளுங்கள்.