மதிப்பெண் மட்டும் போதுமா?



விடியற்காலையில் கும்மிடிப்பூண்டி இரயில் நிலையத்தில் நின்று பார்த்தால் இரண்டு கூட்டங்களைக் காணலாம். ஆலைகளுக்கு வேலைக்கு வருவோர் ஒருபுறம். சென்னைக்குப் படிக்கச் செல்வோர் மறுபுறம். அப்பக்கத்து அரசுப் பள்ளியொன்றில் பல ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன் நான்.

2022ஆம் ஆண்டில் என் மாணவி ஒருத்தி வந்து கேட்டாள்: "ஐயா, என் கட்-ஆஃப் 160. நகரத்தில் ஒருத்தி 185 வாங்கியிருக்கிறாள். நான் அவளைவிட அறிவில் குறைந்தவளா?"

கேள்வி சிறிது, விடை சிறிதன்று.

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்குக் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200 என்று கணக்கிடுகிறார்கள். முன்னர் நுழைவுத் தேர்வும் இருந்தது. பணம் கட்டிப் பயிற்சி பெற நாட்டுப்புறப் பிள்ளைகளால் இயலவில்லை என்பதனால், 2006இல் இயற்றிய சட்டத்தால் அதனை நீக்கினார்கள். ஆயினும் பள்ளி மதிப்பெண்ணும் வெற்றிடத்தில் விளைவதன்று. ஒரு வீட்டில் தனியறையும் தனிப்பயிற்சியும் உண்டு. மற்றொரு வீட்டில் இரவு வேலை முடித்துவந்த தந்தை உறங்கும் ஒரே அறைதான் உண்டு.

இந்த வேற்றுமையை நம் நாடு நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கிறது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை 1951இல் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம், பின்தங்கியோர்க்குத் தனி ஏற்பாடு செய்ய வழி வகுத்தது. 2020இல் மருத்துவப் படிப்பிலும், 2021இல் பொறியியல் முதலிய படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது.

இது பிச்சையா? அன்று. அந்த ஒதுக்கீட்டுக்குள்ளும் மதிப்பெண்ணே வரிசையை வகுக்கிறது. நடந்த தூரம் ஒத்தவர்களை ஒரே வரிசையில் நிறுத்துகிறார்கள், அவ்வளவே.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். இச்சலுகை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு உரியது. செங்கல் சூளை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த பெற்றோரின் மகன் ஒருவன் எட்டாம் வகுப்பில் என்னிடம் சேர்ந்தான். தமிழ் எழுத்தை அப்போதுதான் கற்றான். பன்னிரண்டாம் வகுப்பில் அவனும் தேறினான். ஆனால் அவன் கோட்டுக்கு வெளியே நின்றான். எவ்வளவு நல்ல விதியும் ஒரு கோடுதான். கோட்டுக்கு அப்பால் யாரேனும் நிற்கவே செய்வர். அவர்களைக் காண்பதும் நம் கடமை.

மாணவிக்கு நான் சொன்னேன்: "அம்மா, நீ மதிப்பெண்ணில் குறைந்தாய், அறிவில் குறைந்தாய் என்று யாரும் அளக்கவில்லை. அந்த ஒதுக்கீட்டில் விண்ணப்பம் செய். ஆனால் வாயிலைக் கடந்தபின் எல்லாருக்கும் ஒரே தேர்வுதான்."

அவளுக்கு இடம் கிடைத்தது. முதற்பருவத்தில் ஆங்கிலத்தில் நடந்த கணிதப் பாடத்தில் தோற்றாள். மறுபருவத்தில் எழுதித் தேறினாள். அந்தத் தேர்ச்சியை எந்த ஒதுக்கீடும் அவளுக்குத் தரவில்லை. அதை எழுதிப் பார்க்கும் வாய்ப்பை மட்டுமே தந்தது.