பிள்ளை அடம்பிடிக்கிறதா, அவதிப்படுகிறதா?

(நமது அறக்கட்டளையின் சார்பில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகப் பணியாற்றும் சகோதரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)





என்னிடம் வந்த ஒரு தாயைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். அவருக்கு ஆறு வயதில் ஒரு மகன். இரண்டு வருடமாக அந்தத் தாய் எந்தக் கல்யாண வீட்டுக்கும் போகவில்லை. கடைசியாகப் போன நிக்காஹ் மண்டபத்தில் மைக் சத்தம், சீரியல் லைட், அத்தர் வாசனை, கூட்டம். பையன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டு கத்தினான். மண்டபமே திரும்பிப் பார்த்தது. "பிள்ளை வளர்த்த லட்சணத்தைப் பாருங்கள்" என்று சொந்தத்தில் ஒருவர் அவர் காதுபடச் சொன்னார். அன்று இரவு வீட்டில் அந்தத் தாய் பிள்ளையை அடித்துவிட்டார். எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னவர், அடித்ததைச் சொல்லும்போது மட்டும் அழுதார்.

மத்ரஸாவிலும் அந்தப் பையன் நிலைக்கவில்லை. முப்பது பிள்ளைகள் சேர்ந்து சத்தமாக ஓதினால் வெளியே ஓடிவிடுவான். தொப்பியைக் கழற்றி எறிவான். ஒளுச் செய்ய முகத்தில் தண்ணீர் பட்டால் அலறுவான். அத்தா அடம் என்றார், நன்னி கண்ணேறு என்றார், அக்கம்பக்கத்தார் செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்றார்கள். அவனுக்கு வலிக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஐம்புலன்கள் என்று படித்திருக்கிறோம். அவற்றோடு இன்னும் மூன்று உணர்வுகள் உண்டு. உடல் சாய்கிறதா, சுழல்கிறதா என்று உள்காது சொல்வது ஒன்று. கைகால் எங்கே இருக்கிறது, எவ்வளவு பலம் கொடுக்கிறோம் என்று தசையும் மூட்டும் சொல்வது இன்னொன்று. பசி, தாகம், சிறுநீர் முட்டுவது போன்ற உள்ளுணர்வு மூன்றாவது. இப்போது உங்கள் தலைக்கு மேல் மின்விசிறி ஓடுகிறது, சட்டைக் காலர் கழுத்தில் உரசுகிறது. நான் சொல்லும்வரை அதை நீங்கள் கவனிக்கவில்லை. தேவையில்லாததை மூளை ஒதுக்கிவிட்டது. சில பிள்ளைகளுக்கு இந்த ஒதுக்கும் வேலை சரியாக நடப்பதில்லை. எல்லாமே ஒரே நேரத்தில், ஒரே பலத்தோடு உள்ளே வந்து மோதுகிறது.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பொதுவாக மூன்று விதமாகப் பார்க்கிறோம். முதல் வகை, கொஞ்சம் பட்டாலும் தாங்காதவர்கள். மிக்ஸி சத்தம், சட்டையின் லேபிள், முடிவெட்டும் மெஷின், குழைந்த சோறு எல்லாமே அவர்களுக்குத் துன்பம். இரண்டாவது வகை, பட்டும் தெரியாதவர்கள். முட்டி கிழிந்து ரத்தம் வந்தாலும் கவனிக்க மாட்டார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். (திரும்பாத பிள்ளைக்கு முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதித்துவிடுங்கள்.) மூன்றாவது வகை, போதாமல் தேடுகிறவர்கள். ஓயாமல் சுற்றுவார்கள், குதிப்பார்கள், காலரை மெல்லுவார்கள், மற்ற பிள்ளைகள் மேல் போய் மோதுவார்கள். ஒரே பிள்ளையிடம் இவை கலந்தும் இருக்கும்.

அடமா, அவதியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடம்பிடிக்கிற பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று பார்த்துக்கொள்ளும். கேட்டது கிடைத்தால் பெரும்பாலும் அடங்கும். அவதிப்படுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்தாலும் அழுகை நிற்காது. அந்தச் சத்தத்தை விட்டு, அந்த இடத்தை விட்டு வெளியே கொண்டுபோனால்தான் அடங்கும். உடனே அடங்காது, நேரம் எடுக்கும்.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. அவரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான். 1972ல் இதைப் பற்றி விரிவான நூல் எழுதினார். இவர் உருவாக்கிய சிகிச்சையைத்தான் இன்று "சென்சரி இன்டக்ரேஷன்" என்கிறோம். ஊஞ்சல், பெரிய பந்து, ஏறும் ஏணி, களிமண், அரிசித் தட்டு இவைதான் கருவிகள். பார்ப்பவருக்கு விளையாட்டாகத் தெரியும். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எது, எவ்வளவு என்று அளந்து கொடுக்கிறோம். இன்று ஒரு விரலால் களிமண்ணைத் தொட்டால் போதும், அடுத்த மாதம் உள்ளங்கை படட்டும் என்று படிப்படியாகப் போவோம். கட்டாயப்படுத்துவது இதில் கிடையாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தச் சிரமம் ஆட்டிசம், கவனக்குறைவு உள்ள பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுகிறது. அவை இல்லாத பிள்ளைகளிடமும் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012ல் வெளியிட்ட அறிக்கையில், இதைத் தனி நோயாக முத்திரை குத்தாதீர்கள், முழு வளர்ச்சிப் பரிசோதனை செய்யுங்கள் என்றது. இந்தச் சிகிச்சைக்கான ஆராய்ச்சி ஆதாரம் இன்னும் குறைவு, மற்றப் பயிற்சிகளோடு சேர்ந்த ஒரு பகுதியாக இது இருக்கலாம் என்றும் சொன்னது. எனவே "ஆறு மாதத்தில் குணமாக்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் பணத்தைக் கட்டாதீர்கள். என்ன படித்திருக்கிறீர்கள், மூன்று மாதத்தில் என் பிள்ளை எதைச் செய்யப் பழகும், நான் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். இந்த நான்குக்கும் பதில் சொல்லும் இடம் நல்ல இடம்.

வீட்டில் செய்யக்கூடியவை நிறைய உண்டு. பெருநாள் துணியை இரண்டு முறை துவைத்து, லேபிளை வெட்டிவிட்டுப் போடுங்கள். லேசாகத் தடவுவதைவிட அழுத்தித் தொடுவதைப் பல பிள்ளைகள் விரும்புவார்கள். துண்டால் அழுத்தித் துடையுங்கள். ஒளுவைக் கையிலிருந்து பழக்குங்கள், முகத்துக்கு முதலில் ஈரக் கை மட்டும் போதும், விளையாட்டாகப் பழகட்டும். ஓடி மோதுகிற பிள்ளைக்குப் பளுவான வேலை கொடுங்கள். ரொட்டி மாவு பிசையட்டும், தண்ணீர் வாளியைத் தள்ளட்டும், தொழுகை முடிந்ததும் முஸல்லாக்களை மடித்து அடுக்கட்டும். சாப்பாட்டை வாயில் திணிக்காதீர்கள். புது உணவைத் தட்டின் ஓரத்தில் வையுங்கள், தொட்டாலே அன்றைக்குப் போதும். நாலைந்து உணவைத் தவிர எதையும் சாப்பிடாமல் எடை குறைந்தால் மருத்துவரைப் பாருங்கள். எங்கே போகிறோம், அங்கே என்ன சத்தம் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஓதிப் பார்ப்பதை, துஆச் செய்வதை நான் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. துஆச் செய்யுங்கள், அதோடு மருத்துவரிடமும் போங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

எங்கே போவது? 2013ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறந்தது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்காக மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டன. உங்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் விசாரியுங்கள். சென்னைக்குப் போக முடிந்தவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆட்டிசம் என்று உறுதியானால் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி சான்றிதழ் பெறலாம். வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள், அது பிள்ளையின் உரிமை.

ஜமாஅத்தாரிடம் மூன்று கோரிக்கைகள். மத்ரஸாவில் இப்படிப்பட்ட பிள்ளையை வாசலோரம் உட்கார விடுங்கள், முடியாதபோது எழுந்து போய்வரட்டும். மண்டபத்தில் மைக் சத்தம் எட்டாத ஓர் அறையைத் திறந்து வையுங்கள். சிகிச்சைக்குப் போய்வர பஸ் காசு இல்லாத தாய்க்குப் பைத்துல்மாலிலிருந்து உதவுங்கள். குழந்தை அழும் சத்தம் கேட்டால், அதன் தாய் படும் பாட்டை நினைத்துத் தொழுகையையே சுருக்கிக்கொண்டவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். நாம் திரும்பி முறைக்காமலாவது இருக்கலாம்.

அந்தப் பையனுக்கு இப்போது எட்டு வயது. சத்தம் இன்னும் அவனுக்குச் சிரமம்தான். ஆனால் மத்ரஸாவில் வாசலோரம் இருபது நிமிடம் உட்கார்கிறான். போன மாதம் அந்தத் தாய் தன் தங்கை மகளின் நிக்காஹ்வுக்குப் போனார். பந்தி தொடங்குமுன் மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், அரை மணி நேரம்தான் இருந்தார். "பொண்ணைப் பார்த்து துஆச் செய்துட்டு வந்தேன்மா" என்று என்னிடம் சொன்னார்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால் மறைத்து வைக்காதீர்கள். கூட்டம் முடிந்ததும் நான் இங்கேதான் இருப்பேன். தனியாகப் பேச விரும்பும் தாய்மார்கள் வரலாம்.