வாசகரின் தேர்வும் கதையின் போக்கும்

(பெங்களூரில் மாணவர்களும் அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

விக்கிரமாதித்தன் கதையை அறியாதார் தென்னாட்டில் அரியர். ஒவ்வொரு கதையின் முடிவிலும் வேதாளம் ஒரு வினாவை எழுப்புகிறது. விடை தெரிந்தும் அரசன் வாய் திறவாவிடில் அவன் தலை வெடித்துவிடும். வாய் திறந்தாலோ வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். கேட்போரைச் சிந்திக்கத் தூண்டும் சிறந்த உத்தி இது. ஆயினும் அரசனின் விடையால் கதையில் எதுவும் மாறுவதில்லை. வாசகர் எடுக்கும் முடிவுக்கேற்பக் கதையின் போக்கே மாறுமாறு எழுத இயலுமா என்னும் வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டில் விடை கிடைத்தது.

தோற்றமும் வளர்ச்சியும்

அமெரிக்காவில் நார்மன் கிரவுடர் என்பார் வகுத்த கிளைவழிப் பாடமுறையில் அமைந்த நூல்கள் 1958ஆம் ஆண்டு முதல் வெளிவந்தன. மாணவர் தேர்ந்தெடுக்கும் விடையைப் பொறுத்து அவர் அடுத்துப் புரட்ட வேண்டிய பக்கம் மாறும். தவறான விடையைத் தேர்ந்தவர் செல்லும் பக்கம் அவரைத் தண்டிப்பதில்லை. தவறு எங்கே நேர்ந்தது என விளக்குகிறது.

வழக்கறிஞரான எட்வர்டு பேக்கார்டு, தம் பெண் குழந்தைகளுக்குக் கதை சொல்லி வருகையில் மேலே செல்ல வழியறியாது, அடுத்து என்ன நடக்கலாம் என்று அவர்களையே வினவினார். ஆளுக்கொரு விடை வந்தது. அவ்வனுபவத்தில் பிறந்த அவருடைய முதல் நூல் 1976இல் வெளியாயிற்று. 1979இல் தொடங்கிய நூல்வரிசையின் முதல் நூலில் மட்டும் 40 முடிவுகள் இருந்தன.

கிளைகளின் கணக்கு

இவ்வகைக் கதையை எழுத முனைவோர் முதலில் எதிர்கொள்வது ஒரு கணக்கு. ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு வழிகள் எனக் கொண்டால், ஐந்து திருப்பங்களில் 32 முடிவுகள் உண்டாகும். 63 பகுதிகள் எழுத வேண்டும். பத்துத் திருப்பங்களெனில் முடிவுகள் மட்டுமே 1,024 ஆகும். எனவே பிரிந்த வழிகளை ஓரிடத்தில் மீண்டும் இணைப்பது ஆசிரியர்க்கு இன்றியமையாததாகிறது. ஆனால் இணையும் இடத்திலும் முந்திய தேர்வின் தடம் அழிந்துவிடலாகாது. செலவழித்த பணம் செலவழிந்ததாகவும், பகைத்துக்கொண்ட அண்டைவீட்டார் பகைவராகவும் தொடர வேண்டும். தடம் அழியுமானால் வாசகர் தேர்ந்ததற்குப் பொருளில்லை. வேதாளம் பழையபடி முருங்கை மரம் ஏறிவிடும்.

கோலாரிலிருந்து ஒரு கதை

பெங்களூரை அடுத்த கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறுகள் இல்லை. நிலத்தடி நீரும் அளவு மீறி உறிஞ்சப்பட்டுள்ளது. அங்கு ஓர் உழவர் குடும்பத்தின் கிணறு வறண்டுவிட்டதாகக் கொள்வோம். கையிருப்பைக் கொண்டு புதிய ஆழ்துளைக் கிணறு தோண்டலாம். சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கலாம். அல்லது குறைந்த நீரில் விளையும் கேழ்வரகுக்கு மாறலாம்.

அறிவுரை கூறும் அவசரத்தில் எழுதுபவர், ஆழ்துளைக் கிணற்றைத் தேர்ந்த வாசகர்க்கு உடனடியாகத் தோல்வியை அளித்துவிடுவார். அது உண்மையன்று. கிணற்றில் முதலில் நீர் வரக்கூடும். தக்காளியும் நல்ல விலைக்குப் போகக்கூடும். பின்னர் அடுத்த வயலின் கிணறு வற்றும். அவ்வயலுக்குரியவர் இன்னும் ஆழமாகத் தோண்டுவார். கேழ்வரகுக்கு மாறியவருக்கும் இடர் உண்டு. வருவாய் குறையும், கடன் தவணை காத்திராது. ஒவ்வொரு வழிக்கும் உரிய பயனையும் விலையையும் நேர்மையாகக் காட்டும்போதுதான், உழவர்கள் ஏன் அவ்வாறு முடிவெடுக்கின்றனர் என்பது அலுவலருக்கும் விளங்கும். அறியாமையன்று, நெருக்கடியே பல முடிவுகளுக்குக் காரணம் என்பதை அவர் உணர்வார்.

மேடையில் மாறும் கதை

எழுத்தறியாதாரும் இம்முயற்சியில் பங்குபெற முடியும். பிரேசில் நாட்டு நாடக அறிஞர் அகஸ்டோ போவால் உருவாக்கிய மன்ற நாடகத்தில், ஒடுக்கப்பட்ட ஒருவரின் கதை தோல்வியில் முடியுமாறு முதலில் நடிக்கப்படுகிறது. மறுமுறை நடிக்கும்போது பார்வையாளர் 'நிறுத்துக' எனக் கூறி மேடையேறி, அப்பாத்திரத்தின் இடத்தில் தாமே நின்று வேறு வழியை முயல்கிறார். எதிர்ப் பாத்திரங்களோ எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. மேற்கு வங்காளத்தில் 1985இல் தோன்றிய ஜன சம்ஸ்கிருதி அமைப்பு இம்முறையைச் சிற்றூர்களில் பரப்பியது. பெங்களூரிலும் இதற்கான பயிலரங்குகள் நடைபெற்றுள்ளன.

இன்றைய கருவிகள்

2009இல் வெளிவந்த 'டுவைன்' என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, நிரல் எழுதப் பயிலாதோரும் கிளைவழிக் கதைகளை ஆக்கலாம். பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' இணையதளம் வேறொரு வகையில் வாசகர்க்கு உரிமையளித்தது. அங்குள்ள கதைகளை எவரும் தம் மொழியில் பெயர்க்கலாம்; புதிய கதைகளையும் படைக்கலாம்.

கருவிகள் எளிதாகிவிட்டன. எஞ்சியிருப்பது எழுதுவோரின் நேர்மையே. தேர்ந்தெடுக்கத் தரப்படும் வழிகள், அந்நிலையில் உள்ள மக்களுக்கு உண்மையில் திறந்திருக்கும் வழிகள்தாமா? முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு, கருத்துக் கேட்பதாகக் கூறும் கூட்டங்களை மக்கள் விரைவில் இனங்கண்டு கொள்கின்றனர். அத்தகைய கதைகளையும் அவ்வாறே கண்டுகொள்வர். கதை எழுதப் பழகும் மாணவரும், திட்டம் தீட்டும் அலுவலரும் முதலில் விடை காண வேண்டிய வினா இதுவே: எதிரில் இருப்பவர் வேறொன்றைத் தேர்ந்தால், கதையை மாற்ற அணியமாக இருக்கிறோமா?